இறுகாத நட்டு

ஷம்லாவுக்கு வயிறு எரிந்தது. நாட்டில் யுத்தம் முடிந்து ரோட்டும் பாலமும் போடும் காலம். கற்பிட்டிப் பக்கம் கடல்நீர்க் களப்பின் மேல் வரப்போகும் பாலத்துக்கு, பூமி அதிர்ந்தாலும் முறியாத உருக்குத் தூண் வேண்டுமாம். பக்கத்து ஊரான எத்தாளையில் கொட்டகை போட்டு, தூண்களை நிறுத்தி, ஜாக்கியால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக வேலை பார்த்த இன்ஜினியர் ஷம்லா வரைந்த தூண், போன கிழமை ஆட்டத்தில் அடியில் வெடித்துவிட்டது. இன்றைக்குப் புது இன்ஜினியர் றுமானா வரைந்த தூணின் முறை. நேற்று வந்த பிள்ளை. அவளுடையது தாக்குப்பிடித்தால் அதுதான் பாலத்துக்குப் போகும்.

அதுவும் சும்மா வந்தாளா? வந்த மாதமே பெரிய இன்ஜினியர் பாறூக் சேர் வாய்க்கு வாய் "றுமானா, றுமானா" என்றார். ஷம்லா கொண்டுவந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார். எரியாமல் என்ன செய்யும்?

காலையில் றுமானாவின் தூணைச் சுற்றி வந்தபோது, அதை நிலத்தோடு பிடித்து வைத்திருக்கும் நட்டு ஒன்றில் ஷம்லாவின் கை பட்டது. விரலுக்கே சுழன்றது. பக்கத்து நட்டும் அப்படித்தான். சொல்லியிருக்கலாம், ஒரு வாய் வார்த்தை. 'ஆடி விழட்டும், அவளுடைய கெட்டித்தனம் ஊருக்குத் தெரியட்டும்' என்று நினைத்துக்கொண்டு போய்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

ஜாக்கி தள்ளியது, இழுத்தது. தூண் விழவில்லை. ஒரு வெடிப்புக்கூட இல்லை. பாறூக் சேர் "மாஷா அல்லாஹ்!" என்று கைதட்டினார். ஷம்லாவுக்கு மட்டும் விளங்கியது. நட்டு இறுகாததால் தூணின் அடி நிலத்தில் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட்டத்தில் பாதிகூடத் தூணுக்கு ஏறவில்லை.

கெடுக்க நினைத்தது அவளை வாழவைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் றுமானாவுக்குப் பேர், திறந்தால் தனக்கு மானக்கேடு. ஆனால் கற்பிட்டி பஸ் எல்லாம் சனத்தை ஏற்றிக்கொண்டு இந்தத் தூணின் மேல்தானே ஓடப்போகிறது!

"சேர், இது சரிவராது. அடி நட்டு இறுகல்ல. தூண் வழுக்கியிருக்கு. திரும்பச் செய்யணும்."

பாறூக் சேர் முகத்தைச் சுளித்தார். "உங்கட தூண் வெடிச்சதுக்கு, இந்தப் பிள்ளைட வெற்றியில மண் அள்ளிப் போடாதீங்க ஷம்லா."

"ஓம் சேர், பொறாமைதான். ஆனா நட்டைத் தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து தொட்டார். சுழன்றது. "எப்ப கண்டீங்க?"

"தொடங்க முந்தி."

றுமானா சண்டைக்கு வருவாள் என்று ஷம்லா காத்திருந்தாள். வந்தால் நல்லது என்றும் இருந்தது. அவளோ விளங்காமல் பார்த்தாள்.

"நீங்க தொட்டுப் பார்த்துட்டுப் போறத நான் கண்டேன் ராத்தா. நீங்க பார்த்துட்டீங்களே எண்டுதான் நான் திரும்பப் பார்க்கல்ல."

அந்த நிமிடத்திலும் ஷம்லாவைப் பொறாமை விட்டபாடில்லை. இன்னொருத்தியை இப்படி நம்ப இவளால் முடிந்திருக்கிறதே, தனக்கு ஒருநாளும் முடியவில்லையே என்று இருந்தது.