ஊர் தாண்டினால் ஒன்றுமில்லை

"மாமா, என்ற கம்பெனியப் பத்தித்தான பேசறீங்க? நானும் வந்து உக்காரட்டுங்களா?"

சமையலறை வாசலில் நின்று சௌந்திரம் கேட்டதும் கூடத்தில் பேச்சு நின்றது. இறந்துபோன கணவனின் அண்ணன் சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்ல காரியம் பேசறப்ப நீ எதுக்கு அம்முணி? முடிவானதும் சொல்றோம்."

அவரோடு கூட்டாக முதல் போட்டிருந்த லாரி முதலாளி தங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். சௌந்திரம் உள்ளே திரும்பினாள்.

கல்லூரியில் ரசாயனம் படித்தவள் அவள். மரவள்ளி மாவை ஒரு பக்குவமாக வறுத்துப் பசைமாவு செய்தாள். பச்சைத் தண்ணீரில் கரைத்துத் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போடலாம். மழைக்காலத்திலும் பூஞ்சணம் பிடிக்காது. 1979இல் ராசிபுரத்தில் ஒரு கொட்டகையில் ஆரம்பித்து, இரண்டே வருஷத்தில் எடப்பாடித் தறிக்காரர்கள் தேடி வந்து வாங்கும்படி ஆகியிருந்தது. ஆனால் வறுக்கும் டிரம்முக்குப் பூசை போட்டபோது முதல் நெருப்பை வைத்தவள் சென்னியப்பனின் மனைவி ஆத்தாயி. கைம்பெண்ணான சௌந்திரம் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

இப்போது தங்கசாமியின் உறவினர் ஒருவர் மலேசியாவில் பினாங்கிலிருந்து எழுதியிருந்தார். கம்பெனியை அங்கே மாற்றினால் தன் மில்லுக்கு வேண்டிய மாவு முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வாராம். பங்காளிகள் இருவருக்கும் அதே யோசனைதான்.

மூன்று நாள் சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை. டிரம்முக்கும் களத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பினாங்கில் தன்னை யாருக்குத் தெரியும்? எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காரலாம். அந்த நேரம் பார்த்து, மாவு சலிக்கும் மாரியாயி கேட்டாள்:

"நீங்க போயிட்டா நாங்க பதினோரு பேரும் என்னுங்க பண்றது?"

சௌந்திரம் அடுத்த மூட்டையைப் பிரித்தாள். அப்படியும், போய்விடத்தான் வேண்டும் என்று அன்று சாயங்காலம் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டாள்.

மறுநாள் காலை சென்னியப்பன் வந்தார். பின்னால் வந்த ஆத்தாயியின் கையில் ஒரு பச்சைப் பட்டுச் சேலையும் சாந்துக் குப்பியும் இருந்தன.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிக்கோணும். இதைக் கட்டிக்கிட்டுப் பொட்டு வெச்சுட்டு வா. வெள்ளைச் சீலையோட போயி நின்னா பினாங்குக்காரங்க சகுனம் பாப்பாங்க."

"பொட்டு வெச்சாத் தப்பில்லீங்களா மாமா?"

"ஊரு தாண்டீட்டா ஒண்ணுமில்ல. அங்க யாரு கேக்கப் போறா?"

"திரும்பி வந்தா?"

"அழிச்சுக்கறது. அதுக்கென்ன?"

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். கணவன் போனதிலிருந்து ஆறு வருஷமாகச் சாமி குத்தம், சாஸ்திரம் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் நம்பி ஒதுங்கி நின்றவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பட்டும் பொட்டுமாக வெளியே வந்தபோது சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "வா, ஸ்டுடியோவுக்குப் போலாம்."

"நான் பினாங்குக்கு வரலீங்க மாமா. பசையோட பக்குவமும் வராது. எடப்பாடிக்குப் போறனுங்க, ஆர்டர் புடிக்க."

"இந்தக் கோலத்துலயா? தெருவுல தலை காட்ட முடியுமா நானு? போட்ட முதலை உருவிக்கறேன், பாத்துக்க!"

"உருவிக்குங்க."

சொன்னபடியே செய்தார்கள். மாதம் முடிவதற்குள் பெரிய டிரம் தங்கசாமியின் லாரியில் ஏறிப் போயிற்று. பதினோரு பெண்களும் இரும்புச் சட்டிகளில் வறுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு, கடல் கடந்து அவளைப் பொட்டோடு கூட்டிப்போக இருந்தவர், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உள்ள மூன்று தெருவை அவள் அப்படிக் கடப்பதற்குப் பயந்து வாசலை மறித்து நின்றார்.

"வழி உடுங்க," என்றாள் ஆத்தாயி. சென்னியப்பன் திகைத்துத் திரும்பினார். "உடுங்கங்கறேன். அவ ஆம்பளையாட்டம் சம்பாரிக்கறப்ப நல்லா இருந்துச்சில்ல?"

சௌந்திரம் தெருவில் இறங்கினாள். எதிரே வந்த மளிகைக்கடைக்காரர் அவளைக் கண்டால் எப்போதும் சகுனம் பார்த்து ஒதுங்கிப் போகிறவர். இன்று ஒதுங்குவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

அவரைச் சுற்றிக்கொண்டு அவள் வேகமாக நடந்தாள். பத்து மணிக்கு பஸ்.