கூழாங்கல் அலசிய மத்தியானம்

மீன்தொட்டியைச் சுத்தம் பண்ணுவதாக வெற்றிச்செல்வன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கூழாங்கற்களுக்கு அடியில் மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் கறுத்துக் கிடந்தன. கையை விட்டால் தண்ணீரெல்லாம் கலங்கும் என்று அவன் மனைவி மதிவதனி தொடவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அவனே ஒரு கருவி செய்தான். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, அதன் வாயில் ஒரு டியூபைச் சொருகி டேப் சுற்றினான். பாட்டிலைக் கல்லில் ஊன்றி, டியூபின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். தண்ணீர் வந்ததும் துப்பிவிட்டு, முனையைப் பக்கெட்டில் போட்டான். கற்கள் பாட்டிலுக்குள் புரண்டு கீழேயே தங்க, அழுக்கு மட்டும் டியூபில் இறங்கியது.

"எப்பிடி கீது நம்ம மிஷினு?"

மதிவதனி சிரித்துவிட்டாள். அதே டியூபைக் குழாயில் மாட்டிப் புதுத் தண்ணீரும் விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு மல்லாந்தது. அடுத்ததும் அப்படியே.

"மாமா, டியூப் எங்க வாங்கின?"

"வாங்கல. கம்பெனில கெடந்துச்சு."

"கம்பெனில எங்க?"

"முலாம் தொட்டிகிட்ட. உள்ள வெள்ளையா ஒட்டிகினு இருந்துச்சு. சுண்ணாம்புன்னு நெனச்சேன்." நெற்றியைத் தேய்த்தான். "தல சுத்துது மதி. நாக்கு மரத்துப்போன மாதிரி கீது."

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டியூபில் ஒட்டியிருந்தது என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். மதிவதனி அவன் வேலை செய்யும் முலாம் பூசும் கம்பெனியின் முதலாளிக்கு போன் போட்டாள்.

"எங்க கம்பெனி பேர அங்க சொல்லாதம்மா," என்றார் அவர்.

"பேரு வாணாம் சார். அது இன்னா மருந்துன்னு மட்டும் சொல்லு. அவரு சாவறாரு!"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சயனைடு."

அவள் அதைத் திருப்பிச் சொன்னதும் டாக்டர் மாற்று மருந்து எடுக்க ஓடினார்.

மறுநாள் காலையில் வெற்றிச்செல்வன் கண் விழித்துப் பேசினான். உள்ளே போனது கொஞ்சம்தான் என்றார்கள். அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அங்க எல்லாரும் எங்க குந்தி துன்றீங்க?"

"தொட்டிகிட்டதான். ஃபேன் அங்கதான கீது."

அவனோடு வேலை செய்யும் பால்ராஜுக்கு போன் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. நர்ஸிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து, கம்பெனி இருந்த தொழிற்பேட்டைக்குப் போனாள்.

மத்தியானச் சங்கு ஊதியிருந்தது. ஃபேனுக்குக் கீழே ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, இங்க துன்னாதீங்க! தொட்டில கீறது சயனைடு! அவர் செத்துப் பொழச்சிகீறாரு!" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

பால்ராஜ் டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்தான். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். தொட்டியருகே நின்றிருந்த மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.