ராண்டலின் இரண்டு வருடப் பணிவிடை

பக்கத்து வீட்டு அர்லீனின் மகன் ராண்டல், ஐம்பத்தெட்டாவது வயதில் திடீரென்று அம்மா பிள்ளையானான். காரணம் ஓர் ஓசிச் சாப்பாடு. முதியோர் சொத்தைக் காப்பாற்றித் தருகிற வக்கீல் ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்துக்கு எங்கள் ஊர்க்காரர்களை அழைத்து விருந்து வைத்தார். நானும் போயிருந்தேன். மாட்டிறைச்சியை மென்றுகொண்டே எல்லோரும் கேட்டுக்கொண்ட பாடம் இதுதான்: முதியோர் இல்லத்துக்கு மாதம் பதினோராயிரம் டாலர். கையிருப்பெல்லாம் கரைந்த பிறகுதான் அரசாங்கம் கட்டும். வீட்டைப் பிள்ளை பேருக்கு மாற்றினால், ஐந்து வருடத்துப் பத்திரங்களைத் தோண்டிப் பார்த்து உதவியை நிறுத்திவிடும். ஆனால் ஒரு சந்து உண்டு. பிள்ளை இரண்டு வருடம் அதே வீட்டில் தங்கிப் பெற்றவளைக் கவனித்து, அதனாலேயே அவள் இல்லத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், வீட்டை அவனுக்குக் கொடுக்கலாம்.

மறு வாரமே ராண்டல் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினான். ஓட்டுநர் உரிமத்தில் விலாசம் மாறியது. தபாலெல்லாம் இங்கே வந்தது. ஆள்தான் வரவில்லை. வாரம் முழுக்க ஹாரிஸ்பர்கில் சிநேகிதி வீட்டில் கிடப்பான். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்க மட்டும் வருவான். அதற்கென்று சுவர் அகல டிவி ஒன்று, அம்மா பணத்தில். கேட்டால், கையிருப்பைக் கரைக்க வக்கீல் சொன்னாராம்.

பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன அர்லீனைப் பார்த்துக்கொண்டது நான். எனக்கும் எழுபத்தொன்று. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். நாற்பது வருடமாக வேலியோரம் நின்று வம்பு பேசியவளை அப்படியே விட்டுவிட முடியுமா?

இரண்டு வருடமும் ஒரு வாரமும் ஆனதும் ராண்டல் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவை இல்லத்தில் சேர்த்தான். ஒரு மாதத்தில் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவன்தான் கவனித்துக்கொண்டான் என்று அக்கம்பக்கத்தார் யாராவது சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். ஒரு பெட்டி டோனட்டோடு என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"மூணே வரி ஆன்ட்டி. வக்கீலே எழுதிக் குடுத்துட்டாரு. நான் அம்மாவப் பாத்துக்கிட்டேன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"யாருடா பாத்துக்கிட்டா?"

"நாமதான்."

"நாமளா? உங்கம்மாவுக்குக் காலையில எத்தன மாத்திர, சொல்லு பாப்போம்."

ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தான்.

"வீட்ட அவ பேருக்கே திருப்பி எழுதிடு. ஒரு பிரச்சினையும் வராது," என்றேன்.

"அம்மா போனப்புறம் கட்டின காசுக்கு ஈடா வீட்டக் கவர்மென்ட் வந்து கேக்குமே ஆன்ட்டி. நீங்க கையெழுத்து போடலேன்னா, வீட்டு மதிப்புக்குக் கணக்குப் போட்டு பதினாறு மாசத்துக்கு ஒத்தக் காசு கட்ட மாட்டாங்களாம். அம்மாவத்தான் வெளிய அனுப்புவாங்க."

வீட்டுக்காகப் பெற்றவளையே பணயம் வைக்கிறான், அதுவும் வாயோரம் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்க.

மறுநாள் இல்லத்துக்குப் போய் அர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வாய் கோணியிருந்தாலும் புத்தி தெளிவு.

"வீட்டத் திருப்பித் தருவானாடி?"

"மாட்டான்."

"அப்ப எழுதிக் குடுத்துடு."

"என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியா?"

"கேளுடி மேவிஸ், இங்க என்னைக் குளிப்பாட்டுற பொண்ணு நல்லவ. இன்னொரு எடத்துக்குப் போக எனக்குத் தெம்பு இல்ல."

"இப்படி ஒண்ணப் பெத்து வச்சிருக்கியே."

"ஆமா," என்று ஒத்துக்கொண்டாள்.

வக்கீலின் மூன்று வரியைக் கிழித்துப் போட்டேன். பொய்தான் சொல்ல வேண்டுமென்றால் அதையாவது ஒழுங்காகச் சொல்லலாமே. என் கையாலேயே இரண்டு பக்கம் எழுதினேன். காலை ஆறு மணிக்குத் தூக்கி உட்காரவைத்தது, ஓட்ஸ் கஞ்சியைக் கட்டியில்லாமல் கரைத்து ஊட்டியது, மரத்துப்போன கையை எண்ணெய் போட்டு நீவியது, வெந்நீரில் ஊறவைத்து நகம் வெட்டியது, ஈரத்துணி மாற்றும்போது அவள் வெட்கத்தில் அழுதால் பேச்சை மாற்றியது. எல்லாமே நடந்தவை. நான் என்று வரவேண்டிய இடத்தில் ராண்டல் என்று போட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைத்து மறுபடி எடுத்துத்தான் அந்தப் பெயரை எழுத முடிந்தது.

வங்கியில் நோட்டரி முத்திரை குத்தினார். வெளியே காத்திருந்த ராண்டலிடம் கொடுத்தேன். காரில் சாய்ந்து நின்றபடி படித்தான். இரண்டாம் பக்கத்தில் அவன் வேகம் குறைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இவ்வளவு செஞ்சிருக்கேனா ஆன்ட்டி? செய்யும்போது தெரியல."

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே நம்பிவிட்டான்.

"வாசல்ல பனி தள்ளினத மட்டும் விட்டுட்டீங்க," என்றான்.