பெரணி மறைத்த முயல்கரை

"தட்டையான வழி. நான்கு மைல். ஏறித் தாண்ட வேலிகள் இல்லை. புதைமேடுகளும் முயல் காவலர் வீட்டின் இடிபாடும் பார்க்கலாம். யாரும் வரலாம்." நடைக் கழகத்தின் கோடைகால அட்டவணையில் இப்படிப் போட்டிருந்தது. நடத்துபவர் என்ற இடத்தில் கிளெண்டா கேட்ச்போல் என்று பெயர்.

கிளெண்டா அதுவரை எந்த நடையையும் நடத்தியதில்லை. நாற்பது வருஷமாக நடத்தியது அவள் புருஷன் நெவில்தான். இருபது மைல், இருபத்தைந்து மைல் என்று கொட்டுகிற மழையில் ஆட்களை இழுத்துக்கொண்டு போவான். யாராவது மூச்சு வாங்க நின்றால், திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். நாலு மைல் நடக்கிறவர்களுக்கு அவன் வைத்த பேர் "பிஸ்கட் கோஷ்டி".

போன வருஷம் வசந்தத்தில் அவன் நுரையீரலில் ஒரு பாதியை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் நட, நட என்றுதான் சொன்னார். ஆனால் ஐயா பதினான்கு மாசமாக ஜன்னல் ஓர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தவிர, தோட்டத்துக் கதவு வரைக்கும்கூடப் போகவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயம், வேறென்ன! கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் மூன்று நாள் பேசாமலே இருந்து, கிளெண்டா இந்த ஒரு நடைக்கு அவனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். "ஒரே ஒரு தடவை. அப்புறம் என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்பது ஒப்பந்தம். இன்றைக்கு இது சொதப்பினால் அந்த மனிதன் இனி வாசலைத் தாண்டப் போவதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை மாச ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஊசியிலைக் காட்டு ஓரத்தில் கார்களை நிறுத்திவிட்டு ஒன்பது பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழகச் செயலாளர் பெரில் தலையை எண்ணினாள். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக வருகிற வேலை ட்ரெவருக்கு. அவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் கழகத்தின் சட்டம்.

"வாப்பா நெவில். பிஸ்கட் கோஷ்டிக்கு நல்வரவு" என்றான் ட்ரெவர். "நீயும் நானும்தான் இன்னிக்குக் கடைசி பெஞ்ச்."

நெவில் கார் சாவியைக் கிளெண்டாவிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

முதல் மைல் பரவாயில்லை. மணல் பாதை, காலுக்கு மெத்தென்று இருந்தது. மரங்கள் விலகி, ஊதாப் பூ விடத் தொடங்கியிருந்த பொட்டல் வெளி வந்தது. ஆனால் நெவில் ஐம்பது அடிக்கு ஒரு தரம் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தான். கயிறு நன்றாகத்தான் இருந்தது. மூச்சு வாங்குவதை மறைக்க அப்படி ஒரு வேஷம். முன்னால் போனவர்களுக்கு அவன் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தான், மஞ்சள் சட்டைக்காரன் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரன் கைதியைக் கூட்டிக்கொண்டு வருவதுபோல இருந்தது கிளெண்டாவுக்கு.

அப்புறம் பாதை காணாமல் போயிற்று. நிஜமாகவே காணோம். கிளெண்டா கையில் வரைபடம் இருந்தது, வரைபடத்தில் பச்சைப் புள்ளிக் கோடு இருந்தது, எதிரே பெரணிப் புதர் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, சுவர் மாதிரி, எங்கே பார்த்தாலும் பெரணி. பெரில் குச்சியால் விலக்கிப் பார்த்தாள். உள்ளேயும் பெரணிதான்.

"புதைமேடு எங்கம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இதுக்குள்ளதான் எங்கேயோ இருக்கு" என்றாள் கிளெண்டா.

அதற்குள் நெவிலும் வந்து சேர்ந்தான். பெரணியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஒத்திகை நடை எப்ப வந்த?"

நடத்துகிறவர் முன்கூட்டியே ஒரு தரம் தனியாக நடந்து பார்ப்பதுதான் ஒத்திகை நடை. அதைச் செய்யாமல் யாரும் ஆட்களைக் கூட்டிப் போகக் கூடாது.

"பிப்ரவரியில."

"பிப்ரவரியிலயா!" நெவிலின் குரல் கிளம்பியது. "பிப்ரவரியில இந்தப் பெரணி செத்துப் போய்த் தரையோட தரையா கிடக்கும். ஒரு குழந்தைகூட ஓடிப் போயிடும். ஜூலை நடைக்கு எவளாவது பிப்ரவரியில ஒத்திகை பாப்பாளா? மூணு வாரத்துக்குள்ள பாக்கணும்னு அந்த விதியை எழுதினதே நான்டீ! உனக்கு அறிவிருக்கா?"

இருமல் வந்து அவனை மடக்கியது. மற்ற ஏழு பேரும் எங்கெங்கோ பார்த்தார்கள். கிளெண்டாவுக்கு அவமானமாக இருக்க வேண்டும், ஆனால் பதினான்கு மாசத்துக்கு அப்புறம் இந்த மனிதன் கத்தியதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. அதை வெளியே காட்ட முடியுமா?

"நீ ஸ்கேனுக்குப் போனியே, அன்னிக்கு" என்றாள். "உன் தங்கச்சி வந்து உன்னைக் கூட்டிட்டுப் போனா. அந்த ஒரு நாள்தான் உன்னைத் தனியா விடாம என்னால வெளியில வர முடிஞ்சுது."

"திரும்பிடலாமே" என்று பெரில் மெதுவாகச் சொன்னாள். "இதுல ஒண்ணும் தப்பில்ல."

"ஆமா, போகலாம்" என்றான் நெவில், சட்டென்று, ஏதோ காத்திருந்தவன் போல. சாவியைப் பையிலிருந்து எடுத்தேவிட்டான்.

அந்தச் சாவிச் சத்தம்தான் கிளெண்டாவைக் கிளப்பியது. "யாரும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு நேராகப் பெரணிக்குள் புகுந்தாள். முகத்தில் இலை அடித்தது, முள் கையைக் கீறியது. இருபது முப்பது அடி போயிருப்பாள், கால் எதிலோ இடித்தது. மேடு. நாலு காலில் தவழ்ந்து ஏறினாள். தலை பெரணிக்கு மேலே வந்தது.

முயல்கரை! அந்தக் காலத்து மடத்துச் சாமியார்கள் வளர்த்த முயல்கள் ஓடிப் போகாமல் இருக்க வெட்டிப் போட்ட மண்கரை. பிப்ரவரியில் ஏதோ ஒரு மேடு என்று தாண்டிப் போயிருந்தாள். இன்றைக்கு அதன் உச்சி மட்டும் முயல் மேய்ந்து மேய்ந்து மொட்டையாக, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, ஊசியிலை மரங்களைப் பார்த்து நீளமாக ஓடியது. அதன் கோடியில் காவலர் வீட்டின் கற்சுவர் வெயிலில் நின்றது.

"இங்க வாங்க! எல்லாரும் வாங்க!"

ஒவ்வொருவராக ஏறினார்கள். நெவிலை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"வரிசையாத்தான் போகணும்" என்றாள் கிளெண்டா. "நெவில், நீ முதல்ல போ."

"என்ன விளையாடறியா? என்னைத் தாண்டிப் போக இடமில்ல. நான் நின்னா பின்னாடி எட்டு பேரும் நிக்கணும்."

"நிக்கட்டும். இன்னிக்கு நடத்தறது நான். போ."

போனான். முப்பது அடியில் நின்றான். குனிந்து கயிற்றைக் கட்டப் போனவனை, "கயிறு நல்லாத்தான் இருக்கு" என்றாள் கிளெண்டா. அவன் நிமிர்ந்தான். இடுப்பில் கை வைத்து, எல்லார் முன்னாலும், வெளிப்படையாக மூச்சு வாங்கினான். பின்னால் வரிசை அப்படியே நின்றது. பிறகு நடந்தான். மறுபடி நின்றான்.

மூன்றாவது தரம் நின்றபோது பெரில் கையை நீட்டினாள். "அதோ பாருங்க, புதைமேடு! ஒண்ணு, ரெண்டு... அடேயப்பா, அஞ்சு இருக்கு." பச்சைப் பெரணிக் கடலில் ஐந்து முதுகுகள் எழும்பியிருந்தன. மூவாயிரம் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவர்கள் அதற்குள் நிம்மதியாகப் படுத்திருந்தார்கள். "நெவிலோட இந்தக் காட்டுக்கு நான் முப்பது தடவையாவது வந்திருப்பேன். இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

"எப்படிப் பார்ப்பே?" என்று கடைசியிலிருந்து ட்ரெவர் கத்தினான். "அந்த ஆள் முதுகைப் பார்த்து ஓடறதுக்கே நமக்கு நேரம் பத்தாதே!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளெண்டா பயந்துகொண்டே நெவிலைப் பார்த்தாள். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருந்தது.

கால் மைல் கரையைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. காவலர் வீடு என்பது இப்போது மூன்று சுவர்தான், கூரை கிடையாது. உள்ளே புல் முளைத்திருந்தது. முயல் திருடர்கள் வருகிறார்களா என்று பார்க்க வைத்த குறுகல் ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது. நெவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கிளெண்டா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பாவி, மனுஷனைக் கொன்றுவிட்டோமோ?

பெரில் வரைபடத்தை விரித்தாள். "பின்னாலயே காட்டிலாகா ரோடு இருக்கு. நான் முன்னால நடந்து போய் முக்கால் மணியில காரைக் கொண்டு வந்துடறேன். நெவில், சாவியைக் கொடுப்பா. நீ இங்கயே ஏறிக்கலாம்."

நெவில் பைக்குள் கையை விட்டான். கை உள்ளேயே இருந்தது. கிளெண்டா சொல்ல வேண்டியதையெல்லாம் பதினான்கு மாசமாகச் சொல்லியாகிவிட்டது.

"திரும்பிப் போற வழி எவ்வளவு தூரம்?" என்று நெவில் கேட்டான்.

"மரங்களுக்குள்ளயே ரெண்டு மைல்" என்றாள் கிளெண்டா. "தட்டை. அங்க பெரணி இல்ல."

அவன் கையை வெளியே எடுத்தான். வெறுங்கை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இத்தனை வருஷமும் மழையிலும் சேற்றிலும் அவன் ஒரு நொடிகூட நின்று கொடுக்காத முகங்கள் அவை.

"எனக்கு ஒரு கால் மணி நேரம் உட்காரணும்" என்றான். "வழியிலயும் அடிக்கடி நிப்பேன். எனக்காகக் கொஞ்சம்... காத்திருப்பீங்களா?"

"அட, நீ கேக்க மாட்டியான்னுதான் இருந்தோம்" என்றாள் பெரில். முதுகுப் பையை இறக்கிப் புல்லில் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கிளெண்டா மட்டும் உட்காரவில்லை. அந்தக் குறுகல் ஜன்னல் பக்கம் போய், வெளியே எதையோ பார்க்கிறவள் மாதிரி நின்றுகொண்டு, ஆசை தீர அழுதாள்.