சூடேறாத இருக்கை

மகளுக்குக் குழந்தை பிறந்த மறுநாள், தையல்காரம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மருமகனே தன் மின்சாரக் காரில் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். வாய்க்குப் பூட்டுப் போட்ட ஆள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாமியாரும் மருமகனும் பேசிக்கொண்டதை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

பாதி வழியில் பனி கொட்டித் தீர்த்தது. மலைச்சாலையை அடைத்துவிட்டார்கள். காலையில்தான் திறப்பார்களாம்.

"சார்ஜ் முப்பத்தஞ்சு சதவீதம் இருக்கு அத்தை. ராத்திரி முழுக்க ஹீட்டர் போட்டா ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. சீட்டுச் சூடு மட்டும் போடறேன். அது கொஞ்சம்தான் இழுக்கும்."

"புகையடைச்சு மூச்சு முட்டாதே?"

"இதுல புகையே கிடையாது. பயப்படாம தூங்குங்க."

கண்ணாடி வழியாகத்தான் குளிர் இறங்கியது. பேரனுக்குத் தைக்கக் கொண்டுவந்த கம்பளித் துணியைத் தையல்காரம்மா பையிலிருந்து எடுத்து, கண்ணளவாகவே மடித்து, கண்ணாடியை மறைத்துச் சன்னல் விளிம்புகளில் செருகினார். இடுப்பிலும் முதுகிலும் இதமாகச் சூடு ஏற, முட்டிவலி மறந்து அப்படியே கண்ணயர்ந்தார்.

விழித்தபோது பக்கத்தில் டகடகவென்று சத்தம். மருமகனின் பற்கள். கையை நீட்டி அவர் இருக்கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

"உங்க சீட்டு ஏன் சுடல மாப்பிள்ளை?"

"போன மாசமே கெட்டுப்போச்சு."

"அப்ப இதுல நீங்க உக்காந்திருக்கலாமே?"

"உங்களுக்கு முட்டிவலின்னு அவ சொல்லியிருக்கா."

சன்னலில் செருகியதுபோக மிச்சமிருந்த துணியைத் தையல்காரம்மா உதறி அவர் தோளில் போர்த்தினார்.

"எழுந்திரிங்க, மாறி உக்காருவோம். நான் இஸ்திரிப்பெட்டி கணக்கா சூடாயிட்டேன்."

"வேணாம் அத்தை."

"லிஃப்ட்ல மாட்டினவங்களை வெளிய எடுக்கற ஆளு. உங்களை விறைச்சுப்போய்க் காருக்குள்ளேர்ந்து எடுக்க நான் யாரைக் கூப்பிடறது?"

மருமகன் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார் தையல்காரம்மா.

மணிக்கொரு முறை இடம் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ பேச்சு வந்தது. பிரசவ அறை வாசலில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு நின்றதை மருமகன் சொன்னார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

விடிந்ததும் பாதை திறந்தது. எட்டு சதவீதத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். மருமகன் காரைச் சார்ஜில் போடப் போக, மகள் குழந்தையை நீட்டினாள். தையல்காரம்மா வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உங்கப்பா, தான் நடுங்கிக்கிட்டு என்னைத் தூங்கவெச்சார்டா" என்றார் பேரனிடம்.

"என்னம்மா ஆச்சு? அவர் போன்ல ஒண்ணுமே சொல்லலையே."

"அவர் எங்க சொல்லப்போறார்? நான் சொல்றேன், கேளு" என்று நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் தையல்காரம்மா.