சிமியோனின் அறையளவு கடல்

எண்பத்தாறாம் ஆண்டு சிமியோனை மலைநாட்டு மறியற்சாலை ஒன்றில் தனி அறையில் பூட்டிய கிழமையே, அவன் ஊரான கொழும்புத்துறையின் கடலில் ஓர் அறையளவு இடம் வற்றிப்போனது. சுற்றிலும் முழங்கால் தண்ணீர் நிற்க, நடுவில் நீட்டுச் சதுரமாகச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. மீன்கள் விளிம்புவரை வந்து முட்டித் திரும்பின. சிமியோனின் மனைவி லூர்த்தம்மாதான் முதலில் கண்டவள். மறியலிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன் அந்த அறையின் நீள அகலத்தைச் சொல்லியிருந்ததால், அவள் அங்கே படுத்துப் பார்த்தாள். தலைமயிரும் பாதமும் தண்ணீரில் நனைந்தன. சிமியோன் அவளைவிட உயரம். முடங்கித்தான் படுப்பான் என்று விளங்கியது.

அது அவன் வலை கட்டுகிற இடம். அந்தோனியார் பெருநாள் முடிந்ததும் கோயில் வாசலில் திருவுளச்சீட்டுப் போட்டு வலையிடம் பிரிப்பார்கள். ஊரில் இல்லாதவனுக்குச் சீட்டு இல்லை. அந்த முறை, கரைவலைக்காரருக்குத் தலைவரான செபநாயகம் சம்மாட்டியார் சீட்டிலிருந்து சிமியோனின் பேரை எடுத்துவிடச் சொன்னார். பேர் போனால் தான் தாலியறுத்தவள் கணக்குத்தான் என்று லூர்த்தம்மாவுக்குத் தெரியும்.

"தண்ணியில்லாத இடத்திலை ஆர் வலை கட்டுறது, சம்மாட்டியார்? அவர் அங்கை இருக்கிறார். ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றாள்.

அவர் போய்ப் பார்த்தார். தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி திரும்பினார். சீட்டில் சிமியோனின் பேர் நின்றது.

நல்லூரிலிருந்த சட்டத்தரணி சோமசேகரம் அவனுக்காகக் கொழும்பில் அடிப்படை உரிமை வழக்கு வைத்தார். என்ன கேட்பது என்று மறியலுக்குப் போய் விசாரித்தபோது, சிமியோன் விடுதலை கேட்கவில்லை. "அது நடவாது ஐயா. கடல் ஏறுற நேரம் என்னை வெளியிலை விடச் சொல்லிக் கேளுங்கோ. மனிசரோடை கதைச்சுக் கனகாலம்" என்றான். இரண்டு மாரி கழித்து, எந்த மனிதனையும் ஓயாமல் தனியே பூட்டிவைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் பிந்தும். மலையில் இருக்கிற காவலருக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மணித்தியாலம் வெளியில் விடவேண்டும் என்று நீதிமன்றம் எழுதிவிட்டது. மறுநாளிலிருந்து கடலும் அப்படியே நடந்துகொண்டது. பிறை எப்படி இருந்தாலும் நாலு மணிக்கு அந்த அறையளவில் தண்ணீர் ஏறும், ஐந்துக்கு வடியும். லூர்த்தம்மா பக்கத்தில் குந்தியிருந்து, கூரை ஒழுகுவதையும் கோழி அடைகிடப்பதையும் சொல்லுவாள். தண்ணீர் வராத நாட்களில் பஸ் ஏறி நல்லூருக்குப் போய், இன்றைக்கு அவரை வெளியில் விடவில்லை என்பாள். சோமசேகரம் எப்படித் தெரியும் என்று கேட்பதில்லை. கொழும்புக்குத் தந்தி அடிப்பார். மறியல்காரருக்கு நீதிமன்றம் கண்டித்து எழுதும். பிறகு தண்ணீர் வரும்.

தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பாதை மூடியது. தபால் நின்றது. சோமசேகரமும் வெளிநாடு போய்விட்டார். தண்ணீர் வராத நாளில் சொல்ல ஆளில்லாமல், லூர்த்தம்மா இருட்டும்வரை காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனிய இருந்து என்னடி கதைக்கிறாய்?" என்று பக்கத்து வீட்டு யசிந்தா கேட்டாள்.

"அவரும் தனியத்தானே" என்றாள் லூர்த்தம்மா.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஐப்பசி மழைக்குள் ஊர் முழுக்க வெளிக்கிட்டது. நாலு மணிக்கு அவர் வந்தால் ஆர் இருப்பது என்று அவள் அசையவில்லை. யசிந்தாதான் கையைப் பிடித்து இழுத்து நாவற்குழிப் பாலம் கடத்தினாள். கச்சாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். மறுநாள் பின்னேரம் மழை வெளித்ததும் லூர்த்தம்மா நேரம் கேட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

தண்ணீருக்கு நடுவில் ஓர் அறையளவு சேறு காய்ந்து கிடந்தது. அந்த ஊர்க்காரன் ஒருவன் வள்ளத்தை அதைச் சுற்றிக் கம்பூன்றித் தாங்கிக்கொண்டு வந்தான்.

"உது இண்டைக்குத்தான் வந்தது, அக்கா. உங்கடையோ?"

"ஓம், தம்பி."

அவன் அதன் ஓரத்தில் நட்டிருந்த வலைக்கம்பைப் பிடுங்கித் தள்ளி நட்டான். நாலு மணிக்குத் தண்ணீர் ஏறியது. லூர்த்தம்மா பக்கத்தில் குந்தி, வீட்டைப் பூட்டிவிட்டதாகவும் திறப்பு தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னாள்.