கைத்தட்டு சார் வகுப்பு

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தியவருக்குக் கைத்தட்டு சார் என்று பெயர் விழுந்திருந்தது. வாக்கியம் சரியாக வந்துவிட்டால் வகுப்பே கைதட்ட வேண்டும். வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

அவளும் நாத்தனாரும் ஒன்றாகத்தான் வருவார்கள். நாத்தனாருக்கு ரிசப்ஷனிஸ்ட் ஆகவேண்டும். அவளுக்கு, வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து வரும் கணவனோடு கிளம்புமுன் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் போதும். அவன் வருகிறான் என்று மாமியார் சொன்னதுமே தையற்கடை வேலையை விட்டுவிட்டாள். கடைசியாகத் தைத்தது மாமியார் அளவு கொண்டுவந்து தைக்கச் சொன்ன கல்யாண கவுன். "சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு. கை அழுக்குப் படாம பண்ணும்மா" என்றிருந்தார். கண் பூத்துப்போகுமளவுக்கு முத்து கோத்துக் கொடுத்தாள்.

முந்தின நாள் வகுப்பில் நாத்தனார் உளறிய வாக்கியத்தை அவள் எழுந்து திருத்திவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வீடு வரைக்கும் நாத்தனார் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

இன்றைய பாடம் எதிர்காலம். சார் பலகையில் மூன்று கோடு போட்டார்.

"பேசும்போதே தோணிச்சுன்னா, நடக்கும்னு நீங்களா நெனச்சா, வில். முன்னாடியே மனசுல முடிவு பண்ணினதுக்கு கோயிங் டு. நாள் குறிச்சு, ஏற்பாடெல்லாம் முடிஞ்சிருந்தா ஐஎன்ஜி. வீட்டு ஆளுங்களை வெச்சே சொல்லுங்க."

அவள் முதலில் எழுந்தாள். "மை ஹஸ்பெண்ட் இஸ் கமிங் ஆன் ஃபிரைடே."

"டிக்கெட் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

கைதட்டல். "அப்ப வெள்ளிக்கிழமை அக்கா கிளாசுக்கு மட்டம்!" என்றான் பின் வரிசை ஆட்டோக்காரன். அவளுக்குக் காது வரை சிவந்தது.

அடுத்து நாத்தனார். நிதானமாக எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"மை பிரதர் இஸ் கோயிங் டு ஸ்டே தேர்." பலகையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "ஹி இஸ் மேரியிங் எ நர்ஸ் ஆன் ஃபிரைடே."

ஆட்டோக்காரன் குனிந்து கேட்டான். "உங்களுக்கு எத்தனை அண்ணன்?"

"ஒரே அண்ணன்தான்."

அவன் தன் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தான்.

சார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். "வில் எங்கம்மா? வில் வரலியே?"

நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்தாள். "ஷி வில் க்ரை."

சார் திரும்பினார். "என்ன, யாரும் தட்ட மாட்டேங்கிறீங்க? மூணும் சரி. பிரமாதம்!" அவரே ஆரம்பித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் சேர்ந்தன. பழக்கதோஷம், அவள் கைகளும் தட்டின.

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மெல்லக் கேட்டாள். "அத்தைக்குத் தெரியுமா?"

"கவுனுக்கு அளவு வாங்கிட்டு வந்ததே அம்மாதானே, அண்ணி. எவ்ளோ அழகா தெச்சுக் குடுத்தீங்க!" நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று.

வரவில்லை. அவள் நோட்டை மூடினாள்.

"இடுப்புல ரெண்டு பக்கமும் துணி மடிச்சு விட்டிருக்கேன்" என்றாள். "இறுக்கமா இருந்தா பிரிச்சுக்கச் சொல்லு."